சந்தா கட்டினால் பாட்டு சொந்தமாகுமா?

திருவாரூரில் பிறந்தால் முக்தி என்பார்கள். அந்த ஊரில் பிறந்த மூன்று பேர் கர்நாடக சங்கீதத்துக்கே தூணாக நின்றார்கள். சியாமா சாஸ்திரி பிறந்தது 1762-ம் ஆண்டு. தியாகராஜர் பிறந்தது 1767-ம் ஆண்டு. சில ஆண்டுகள் கழித்து முத்துசாமி தீட்சிதர் பிறந்தார். மும்மூர்த்திகள் என்று உலகம் வணங்கும் மூவரும் ஒரே ஊர்க்காரர்கள்!

அவர்கள் காலத்தில் பாட்டுக் கேட்க வேண்டுமானால், பாடுகிறவர் எதிரில் இருக்க வேண்டும். இன்று அப்படி இல்லை. கமலாலயக் குளத்தின் படியில் உட்கார்ந்து செல்போனைத் தட்டினால் போதும். எந்தப் பாட்டு வேண்டுமானாலும் வரும்.

ஆனால், சும்மா வருமா? “மாதச் சந்தா கட்டுங்கள்” என்று ஒரு கம்பெனி அழைக்கிறது. “எங்களிடம் வாருங்கள்” என்று இன்னொரு கம்பெனி கூப்பிடுகிறது. “முதல் மாதம் இலவசம்” என்று மூன்றாவது கம்பெனி ஆசை காட்டுகிறது.

யாரிடம் போவது? கொடுத்த காசுக்கு என்ன கிடைக்கும்? சந்தாவை நிறுத்தினால் என்ன ஆகும்?

ஒரு குடும்பம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தாத்தா காலத்துக் கணக்கு

பாட்டுக்குக் காசு கொடுப்பது புதிய வழக்கம் அல்ல.

முதலில் கிராமபோன் வந்தது. எச்.எம்.வி. கம்பெனியின் நாய்ப் படம் போட்ட இசைத்தட்டைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்தப் பழைய தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம்தான் பாடும். பிறகு திருப்பிப் போட வேண்டும்.

திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்தை அறியாத நாகசுர ரசிகர் உண்டா? மணிக்கணக்கில் தோடி வாசிக்கக் கூடிய அந்த மேதையும், தட்டுக்காகச் சில நிமிடங்களில் சுருக்கி வாசித்தார். ஆனாலும் என்ன? தட்டை வாங்கியவருக்கு அது சொந்தம். உடையாமல் வைத்திருந்தால் பேரன் வரை கேட்கலாம்.

அடுத்து வானொலி வந்தது. திருச்சி வானொலி நிலையம் 1939-ம் ஆண்டு மே மாதம் தொடங்கியது. வானொலிப் பெட்டி வைத்திருந்தவர்கள் ஆண்டுதோறும் தபால் நிலையத்தில் உரிமக் கட்டணம் கட்டினார்கள். 1980-களில்தான் அந்தக் கட்டணம் ஒழிந்தது. ஒரு வகையில் அதுவும் சந்தாதான்!

அந்தக் காலத்திலும் போட்டி இருந்தது. 1952-ம் ஆண்டு வாக்கில் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு அநேகமாக நின்று போனது. சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று அப்போதைய செய்தி ஒலிபரப்பு மந்திரி கேஸ்கர் கருதினார். ஜனங்கள் விட்டார்களா? வானொலியின் முள்ளை இலங்கைப் பக்கம் திருப்பினார்கள்! காவிரிக் கரைக்கு இலங்கை எவ்வளவு தூரம்? கடலுக்கு அப்பால்தானே! இலங்கை வானொலி சினிமாப் பாட்டை வாரி வழங்கியது. கடைசியில் 1957-ம் ஆண்டு அக்டோபரில் அகில இந்திய வானொலியே ‘விவித பாரதி’யைத் தொடங்கியது. சினிமாப் பாட்டு திரும்ப வந்தது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. பாட்டு அடுத்தவர் கையில் இருந்தால், எது ஒலிக்கும், எது ஒலிக்காது என்பதை அவர்தான் முடிவு செய்வார். இந்தப் பாடத்தை மறக்க வேண்டாம். பின்னால் தேவைப்படும்.

பிறகு கேசட் வந்தது. பாட்டுப் பட்டியலை எழுதிக் கொண்டு போய்க் கடையில் கொடுத்துப் பதிவு செய்து வாங்கிய காலம் அது. அதன் பின் சி.டி. வந்தது. அதன் பின் மெமரி கார்டு, பென் டிரைவ். இப்போது செல்போன் செயலி.

சந்தா என்றால் என்ன?

இந்தச் செயலிகளில் பாட்டு நம் செல்போனில் இருப்பதில்லை. எங்கோ ஒரு பெரிய கணினி நிலையத்தில் இருக்கிறது. நாம் தட்டியதும் அங்கிருந்து நெட் வழியாக ஓடி வருகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரிதான். குழாயை மூடினால் நின்று விடும்.

சந்தா கட்டாதவர்களுக்குச் சில செயலிகள் இலவசமாகவே பாட்டுப் போடும். ஆனால் இடையிடையே விளம்பரம் வரும். சந்தா கட்டினால் விளம்பரம் இல்லை. அதோடு ‘டவுன்லோடு’ செய்யும் வசதியும் கிடைக்கும். அதாவது பாட்டைச் செல்போனில் இறக்கி வைத்துக் கொண்டு, நெட் இல்லாத போதும் கேட்கலாம்.

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள்!

டவுன்லோடு செய்த பாட்டு நம்முடையது என்று நினைக்கிறார்கள். இல்லை. அது பூட்டுப் போட்ட பெட்டி. சாவி கம்பெனியிடம் இருக்கிறது. அந்தச் செயலியைத் தவிர வேறு எதிலும் அந்தப் பாட்டு ஒலிக்காது. பென் டிரைவில் ஏற்ற முடியாது. காரில் உள்ள பிளேயரில் போட முடியாது. ஸ்பாட்டிஃபை செயலியில் 30 நாளைக்கு ஒரு முறையாவது நெட்டுடன் சேர வேண்டும். இல்லாவிட்டால் இறக்கி வைத்த பாட்டு போய் விடும். சந்தா நின்றாலும் அப்படித்தான்.

நம் பக்கத்து வழக்கில் சொன்னால், இது குத்தகை நிலம். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. குத்தகைக்காரருக்கு நிலம் போனாலும் அறுத்த நெல் வீட்டில் மிஞ்சும். இங்கே அதுவும் மிஞ்சாது!

சந்தையில் யார் யார்?

இப்போது போட்டியாளர்களைப் பார்ப்போம்.

ஸ்பாட்டிஃபை: சுவீடன் நாட்டுக் கம்பெனி. இந்தியாவுக்கு வந்தது 2019-ம் ஆண்டு பிப்ரவரியில். அப்போது மாதச் சந்தா 119 ரூபாய். நாம் கேட்பதை வைத்து, நமக்குப் பிடிக்கும் என்று வேறு பாட்டை எடுத்துக் கொடுப்பதில் பேர் பெற்றது. விளம்பரத்துடன் இலவசமாகவும் கேட்கலாம். 10 கோடிப் பாட்டுக்கு மேல் இருக்கிறது என்று கம்பெனி சொல்கிறது. ஒரு பாட்டு நான்கு நிமிடம் என்று வைத்தால், இரவு பகல் தூங்காமல் கேட்டாலும் எல்லாம் முடிய 750 ஆண்டுக்கு மேல் ஆகும்! நமக்கு வேண்டிய நூறு பாட்டு அதில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

யூடியூப் மியூசிக்: கூகுள் கம்பெனியைச் சேர்ந்தது. 2019-ம் ஆண்டு மார்ச்சில் 99 ரூபாய்ச் சந்தாவுடன் வந்தது. ‘யூடியூப் பிரீமியம்’ என்ற பெரிய சந்தா கட்டினால் இதுவும் சேர்ந்து கிடைக்கும். படத்திலும் விளம்பரம் வராது. யாரோ ஒருவர் கச்சேரியில் பதிவு செய்து போட்டது கூட யூடியூபில் கிடைக்கும். கர்நாடக சங்கீத ரசிகருக்கு அது பெரிய புதையல்.

ஜியோ சாவன்: ‘சாவன்’ என்ற பழைய செயலியும் ஜியோவின் இசைச் செயலியும் 2018-ம் ஆண்டு ஒன்றாகின. இந்தியப் பாட்டுக்கென்றே தொடங்கியது. தமிழ்ச் சினிமாப் பாட்டுக்குக் குறைவில்லை.

கானா: 2010-ம் ஆண்டு தொடங்கியது. நெடுங்காலம் இலவசமாகப் பாட்டுக் கொடுத்தது. 2022-ம் ஆண்டு ‘இனி சந்தாதாரருக்கு மட்டுமே’ என்று மாறியது. 2023-ம் ஆண்டு டிசம்பரில் மிர்ச்சி வானொலியை நடத்தும் கம்பெனி அதை வாங்கியது.

ஆப்பிள் மியூசிக்: 2015-ம் ஆண்டு வந்தது. ஒலியின் தரத்தில் கவனம் செலுத்துகிறது. 2021-ம் ஆண்டு முதல் சி.டி.க்குச் சமமான தரத்தில், கூடுதல் காசு வாங்காமல் பாட்டைத் தருகிறது. ஆனால் இதில் இலவச வழி கிடையாது. சந்தா கட்டினால்தான் பாட்டு.

எதை வைத்து எடை போடுவது?

விலையை மட்டும் பார்த்தால் போதாது. விலை மாறிக் கொண்டே இருக்கும். உதாரணத்துக்கு, யூடியூப் பிரீமியம் 2019-ம் ஆண்டு 129 ரூபாய். 2024-ம் ஆண்டு ஆகஸ்டில் 149 ரூபாய் ஆனது. குடும்பச் சந்தா 189-லிருந்து 299 ரூபாய்க்கு ஏறியது. எனவே சேருகிற அன்று செயலியில் காட்டும் விலையைப் பார்த்துக் கொள்ளுங்கள். விலையைத் தவிர நான்கு சோதனைகள் உண்டு.

முதல் சோதனை: நமக்கு வேண்டிய பாட்டு இருக்கிறதா? வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து இருபது பாட்டை எழுதுங்கள். தாத்தாவுக்கு நாகசுரம். பாட்டிக்குப் பக்திப் பாட்டு. அம்மாவுக்குப் பழைய சினிமாப் பாட்டு. பிள்ளைகளுக்குப் புதிய பாட்டு. இலவசமாகத் தேடும் வசதி உள்ள செயலிகளில் ஒவ்வொன்றாகத் தேடிப் பாருங்கள். எதில் அதிகம் கிடைக்கிறதோ அதுவே உங்கள் வீட்டுக்குச் சரி. திருவாரூர்க்காரர்கள் இன்னொரு சோதனையும் செய்யலாம். தியாகராஜ சுவாமி கோவிலில் ஒலிக்கும் பாரி நாயனத்தையும், ஐந்து முகம் கொண்ட பஞ்சமுக வாத்தியத்தையும் தேடிப் பாருங்கள். 10 கோடிப் பாட்டின் பெருமை எவ்வளவு என்று அப்போது தெரியும்!

இரண்டாவது சோதனை: தேடினால் அகப்படுகிறதா? கர்நாடக சங்கீதத்தில் இது பெரிய தொல்லை. தியாகராஜர் பெயரை ஆங்கிலத்தில் ஒருவர் ‘எச்’ எழுத்துப் போட்டு எழுதுகிறார். இன்னொருவர் போடாமல் எழுதுகிறார். சினிமாப் பாட்டுக்குப் படத்தின் பெயர் போதும். கீர்த்தனைக்கு ராகம் வேண்டும், தாளம் வேண்டும், பாடியவர் வேண்டும். செயலிகள் சினிமாப் பாட்டை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை. பெயரைத் தமிழில் ஒரு முறை, ஆங்கிலத்தில் இரண்டு விதமாக ஒரு முறை தேடுங்கள்.

மூன்றாவது சோதனை: நெட் எவ்வளவு செலவாகும்? நடுத்தரத் தரத்தில் ஒரு மணி நேரம் பாட்டுக் கேட்டால் ஏறத்தாழ 72 எம்.பி. செலவாகும். உயர்ந்த தரத்தில் வைத்தால் இரண்டு மடங்கு, அதாவது 144 எம்.பி. படத்துடன் பார்த்தால் இன்னும் பல மடங்கு. பாட்டை மட்டும் கேட்க விரும்புகிறவர், படத்தை ஓட விட்டு நெட்டைக் கரைக்க வேண்டாம்.

நான்காவது சோதனை: இடையில் தொந்தரவு உண்டா? யூடியூபில் இலவசமாகக் கேட்டால் நீண்ட பதிவின் நடுவில் விளம்பரம் வரும். ராக ஆலாபனை உச்சத்துக்குப் போகும் போது சோப்பு விளம்பரம் வந்தால் எப்படி இருக்கும்! செல்போன் திரையை அணைத்தாலும் பாட்டு நின்று விடும். இந்தத் தொல்லையைத் தீர்த்துக் கொள்ளத்தான் பலர் சந்தா கட்டுகிறார்கள்.

காணாமற் போன பாட்டுகள்

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். முன்பு சொன்ன வானொலிப் பாடம் இங்கே தேவைப்படுகிறது.

ஸ்பாட்டிஃபை வந்து இரண்டு மாதம் கூட முடியவில்லை. 2019-ம் ஆண்டு ஏப்ரலில் சரிகம கம்பெனியின் பாட்டுகள் அதிலிருந்து நீங்கின. சரிகம என்பது யார்? பழைய எச்.எம்.வி.தான்! ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பாட்டுகள் போய் விட்டன. பழைய தமிழ்ச் சினிமாப் பாட்டில் பெரும் பகுதி எச்.எம்.வி. தட்டில் வந்ததுதானே! இரண்டு கம்பெனிகளுக்கும் உரிமைத் தொகையில் தகராறு. விவகாரம் டில்லி ஐகோர்ட்டு வரை போனது. 2020-ம் ஆண்டுதான் சமாதானம் ஏற்பட்டுப் பாட்டு திரும்ப வந்தது. சந்தா கட்டியவர் என்ன செய்தார்? காத்திருந்தார். வேறு வழி?

சில பாட்டு போனால் பரவாயில்லை. கடையே போனால்?

அப்படியும் நடந்தது. கூகுள் கம்பெனியின் ‘பிளே மியூசிக்’ 2020-ம் ஆண்டு மூடப்பட்டது. ‘ரெஸ்ஸோ’ என்ற செயலி 2024-ம் ஆண்டு ஜனவரி 31-ந் தேதி இந்தியாவில் கடையைக் கட்டியது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஏர்டெல் கம்பெனி தன் ‘விங்க்’ செயலியை மூடப் போவதாக அறிவித்தது. பத்து ஆண்டு ஓடிய செயலி அது! ஏர்டெல் வாடிக்கையாளர்களுக்கு ஆப்பிள் மியூசிக் தருவதாக ஏற்பாடு ஆயிற்று. ஆனால் பழைய செயலிக்குள் இறக்கி வைத்த பாட்டு? செயலி போனால் பெட்டியும் போயிற்று, சாவியும் போயிற்று.

கொடுத்து விட்டுப் போன கடை

எல்லாக் கடையும் இப்படியா? இல்லை. வேறு மாதிரி ஒரு கடையும் நம் நாட்டில் இருந்தது.

2012-ம் ஆண்டு பிப்ரவரியில் ஃபிளிப்கார்ட் கம்பெனி ‘ஃபிளைட்’ என்ற பாட்டுக் கடையைத் தொடங்கியது. அதில் சந்தா இல்லை. ஒரு பாட்டுக்கு இவ்வளவு என்று விலை. 6 ரூபாய்க்குக் கூடப் பாட்டு கிடைத்தது. வாங்கிய பாட்டுக்குப் பூட்டு இல்லை. கணினியில் போடலாம். பென் டிரைவில் ஏற்றலாம்.

ஆனால் வியாபாரம் ஓடவில்லை. திருட்டுப் பாட்டு இலவசமாகக் கிடைக்கும் போது யார் 6 ரூபாய் கொடுப்பார்கள்? 2013-ம் ஆண்டு ஜூன் மாதம் கடை மூடப்பட்டது. வாங்கிய பாட்டை இறக்கிக் கொள்ள மேலும் இரண்டு மாதம் தவணை கொடுத்தார்கள்.

கடை போய் விட்டது. ஆனால் வாங்கியவர் கையில் பாட்டு இருக்கிறது! இன்றும் ஒலிக்கும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். அமெரிக்காவில் 1998-ம் ஆண்டு தொடங்கிய ‘இமியூசிக்’ என்ற கடை, மாதச் சந்தாவுக்கு இத்தனை பாட்டு என்று அளந்து கொடுத்தது. எடுத்த பாட்டு சந்தாதாரருக்கே சொந்தம். சந்தாவை நிறுத்தினாலும் போகாது. அதற்கு நேர்மாறாக, யாகூ கம்பெனி பூட்டுப் போட்ட பாட்டை விற்றது. 2008-ம் ஆண்டு கடையை மூடிய போது பூட்டைத் திறக்கும் கணினியையும் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கூச்சல் போட்டார்கள். கம்பெனி நஷ்டஈடு கொடுக்க வேண்டி வந்தது.

எனவே ‘டவுன்லோடு’ என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று வாடகை. ஒன்று விற்பனை. எது என்று கேட்டு விட்டுக் காசைக் கொடுங்கள்.

சந்தா இல்லாத போட்டியாளர்கள்

செயலிகளுக்குப் போட்டி செயலிகள் மட்டும் அல்ல.

வானொலி இன்னும் இருக்கிறது. கட்டணம் இல்லை. அகில இந்திய வானொலி 2016-ம் ஆண்டு ஜனவரி 26-ந் தேதி ‘ராகம்’ என்ற தனி ஒலிபரப்பைத் தொடங்கியது. 24 மணி நேரமும் சாஸ்திரீய சங்கீதம்தான்! வானொலியின் ‘நியூஸ் ஆன் ஏர்’ செயலியில் காசு கொடுக்காமல் கேட்கலாம். பிரசார் பாரதியின் பழைய பதிவுகள் யூடியூபிலும் வருகின்றன. பெரிய வித்துவான்களின் கச்சேரிகள் அதில் உண்டு.

பேட்டரியில் ஓடும் சிறிய வானொலியை அலட்சியம் செய்யாதீர்கள். 2018-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி ‘கஜா’ புயல் அடித்ததே, நினைவிருக்கிறதா? வேதாரண்யம் அருகே கரை கடந்த புயல் திருவாரூர், நாகை, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களைப் புரட்டிப் போட்டது. பல ஊர்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. செல்போனும் ஊமையானது. சந்தா கட்டிய பாட்டு எங்கிருந்து வரும்?

சரிகம கம்பெனியின் ‘கார்வான்’ பெட்டியும் ஒரு போட்டியாளர். 2017-ம் ஆண்டு முதலில் இந்திப் பாட்டுடன் வந்தது. பார்ப்பதற்குப் பழைய வானொலி மாதிரி இருக்கும். உள்ளே 5,000 பாட்டு! தமிழ்ப் பாட்டுள்ள பெட்டியும் உண்டு. அறிமுகமான போது விலை சுமார் 6,000 ரூபாய். ஒரு முறை கொடுத்தால் போதும். நெட் வேண்டாம். திருகினால் பாடும். செல்போனில் எழுத்துத் தேடிச் சிரமப்படும் பெரியவர்களுக்கு இது ஏற்றது. குறை என்ன? அதில் உள்ள பாட்டுத்தான். புதிய பாட்டு வேண்டுமானால் பென் டிரைவ் சொருக வேண்டும்.

கடையில் மெமரி கார்டு கொடுத்துச் சினிமாப் பாட்டை ஏற்றி வாங்கும் பழக்கமும் இருக்கிறது. விலை மலிவுதான். ஆனால் அது உரிமை இல்லாத நகல். சட்டப்படி குற்றம்.

ஒரு வீட்டுக் கணக்கு

ஒருவர் மாதம் 119 ரூபாய் கட்டுகிறார் என்று வைத்துக் கொள்வோம். ஆண்டுக்கு 1,428 ரூபாய். பத்து ஆண்டில் 14,280 ரூபாய். நிறுத்திய மறுநாள் கையில் இருப்பது என்ன? ஒன்றும் இல்லை!

அதே காசுக்கு ஒரு பாட்டு 15 ரூபாய் வீதம் சொந்தமாக வாங்கினால்? ஆண்டுக்கு 95 பாட்டு. பத்து ஆண்டில் 952 பாட்டு. யாரும் பிடுங்க முடியாது.

அதனால் சந்தா வீண் என்று சொல்லலாமா? அதுவும் சரியல்ல. புதுப் பாட்டு வெளிவந்த அன்றே கேட்க விரும்பும் பிள்ளைகளுக்குச் சந்தா லாபம்தான். நாளைக்கு நான்கு மணி நேரம் பாட்டுக் கேட்டுக் கொண்டே தைக்கும் தையல்காரருக்கு மாதம் 120 மணி நேரம் பாட்டு. ஒரு மணிக்கு ஒரு ரூபாய்தான் ஆகிறது. விளம்பரத் தொல்லை இல்லை. அவருக்கு அது மலிவே.

வீட்டில் நான்கு பேர் தனித்தனியாகச் சந்தா கட்டுவதுதான் வீண். குடும்பச் சந்தா ஒன்று போதும். 299 ரூபாயை ஆறு பேர் பங்கிட்டால் தலைக்கு 50 ரூபாய்தான்.

இலவச மாதம் என்பதில் எச்சரிக்கை வேண்டும். சேரும் போதே ‘ஆட்டோபே’ என்ற ஏற்பாட்டுக்குச் சம்மதம் வாங்கி விடுவார்கள். அடுத்த மாதம் தானாகக் காசு பிடிப்பார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 2021-ம் ஆண்டு அக்டோபர் முதல், பிடிப்பதற்கு 24 மணி நேரம் முன்பு செய்தி அனுப்ப வேண்டும். அந்தச் செய்தியைப் படிக்காமல் தள்ளாதீர்கள். வேண்டாம் என்றால் பணம் கட்டும் செயலியில் ‘ஆட்டோபே’ பகுதிக்குப் போய் ரத்து செய்யுங்கள். பாட்டுச் செயலியை அழித்தால் மட்டும் சந்தா நிற்காது!

வித்துவானுக்கு என்ன கிடைக்கும்?

நாம் கட்டும் சந்தா யாருக்குப் போகிறது? நாம் கேட்ட வித்துவானுக்கு நேராகப் போவதில்லை. பெரும்பாலான செயலிகள் எல்லோருடைய காசையும் ஒரே உண்டியலில் போடுகின்றன. மொத்தத்தில் யார் பாட்டு எத்தனை முறை ஓடியதோ, அந்தக் கணக்கில் பங்கு பிரிக்கின்றன.

கோடி பேர் கேட்கும் சினிமாப் பாட்டுக்குப் பெரும் பங்கு. நம் ஊர் நாகசுர வித்துவானுக்கு? 2024-ம் ஆண்டு முதல் ஸ்பாட்டிஃபை ஒரு விதி வைத்திருக்கிறது. ஓர் ஆண்டில் 1,000 முறைக்குக் குறைவாக ஓடிய பதிவுக்குப் பங்கே கிடையாது! நீங்கள் ஆண்டு முழுவதும் அவர் வாசிப்பையே கேட்டாலும், 1,000-ஐத் தொடாவிட்டால் அவருக்கு ஒரு பைசா வராது.

கலைஞருக்கு உதவ விரும்பினால் அவர் கச்சேரிக்குப் போங்கள். அவர் சி.டி. விற்றால் வாங்குங்கள். வீட்டுக் கல்யாணத்தில் பதிவு செய்த பாட்டைப் போடாமல், மேளக்காரரை அழையுங்கள்.

பூட்டுப் போட முடியாத சொத்து

கடைசியாக ஒரு நல்ல செய்தி.

திருவாரூரில் பிறந்த மும்மூர்த்திகளின் கீர்த்தனைகளுக்கு இன்று யாரும் உரிமை கொண்டாட முடியாது. அவை எல்லோருக்கும் சொந்தம். நம் நாட்டுச் சட்டப்படி ஒலிப்பதிவின் உரிமை, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுதான். ராஜரத்தினம் பிள்ளை 1956-ம் ஆண்டு காலமானார். அவர் வாழ்ந்த போது வெளியான தட்டுகளின் உரிமைக் காலம் எல்லாம் முடிந்து விட்டது. அந்தத் தோடியை நகல் எடுத்துப் பென் டிரைவில் வைத்துக் கொள்ள யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். சந்தாவும் கட்ட வேண்டாம்!

சினிமாப் பாட்டு அப்படி அல்ல. எழுதியவர், இசை அமைத்தவர் உரிமை தனியே நீடிக்கும். அதை விலைக்கு வாங்குவதே முறை.

ஆகவே வீட்டுக்கு ஒரு யோசனை. புதிய பாட்டுக்கு ஒரு குடும்பச் சந்தா வைத்துக் கொள்ளுங்கள். இருபது பாட்டுச் சோதனையில் எது தேறியதோ அதுவே போதும். பெரியவர்களுக்கு வானொலியோ, பாட்டுப் பெட்டியோ இருக்கட்டும். இழந்தால் மனம் தாங்காது என்று நினைக்கும் பாட்டு எதுவோ, அதைச் சந்தாவை நம்பி விடாதீர்கள். சி.டி.யாக வாங்குங்கள். அல்லது பூட்டு இல்லாத பதிவாக வாங்கி, இரண்டு பென் டிரைவில் வையுங்கள். ஒன்று கெட்டால் ஒன்று இருக்கும்.

பாட்டி பாடும் தாலாட்டும், தாத்தா சொல்லும் தேவாரமும் எந்த 10 கோடியிலும் இல்லை. செல்போனில் பதிவு செய்து அதே பென் டிரைவில் சேருங்கள். அதற்கு மாதச் சந்தா ஏதும் இல்லை. இன்றைக்கே செய்யலாம்.